சந்நிதிக்கும் சாலைக்கும் நடுவே ஒரு சுவர்

மலேசியச் சுற்றுச்சூழல் துறை வெளியிட்ட ஒலி வரம்பு வழிகாட்டியின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓர் அட்டவணை இருக்கிறது. எந்த இடத்தில் எவ்வளவு சத்தம் இருக்கலாம் என்பதற்கான கணக்கு அது. தொழிற்பேட்டைக்குப் பகலில் 70 டெசிபெல், கடைவீதிக்கு 65 என்று போகும். எல்லாவற்றிலும் குறைந்த அளவு முதல் வரியில் இருக்கிறது: பகலில் 50, இரவில் 40. அந்த வரியில் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் உண்டு. அவற்றுக்குப் பக்கத்தில் வழிபாட்டுத் தலமும் உண்டு.

நோயாளி தூங்க வேண்டும், மாணவன் பாடம் கேட்க வேண்டும். சரி. கோயிலுக்கு எதற்கு அமைதி? மலேசியாவில் ஒரு தைப்பூசத்தைப் பார்த்தவர்கள் அந்த வரியைப் படித்துச் சிரிக்கத்தான் செய்வார்கள். உருமி மேளம் ஒன்று முழங்கத் தொடங்கினால் 50 டெசிபெல் எந்த மூலையில் போய் ஒளிந்துகொள்ளும் என்று தெரியாது. வெள்ளிக்கிழமை மாலைப் பூஜையின் மணியோசையே அந்த வரம்பைத் தாண்டிவிடும். அட்டவணையைப் போட்ட அதிகாரிகள் வெளியிலிருந்து கோயிலுக்குள் வரும் சத்தத்தைத்தான் நினைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த வரிக்குள் அவர்கள் நினைக்காத ஒரு பழைய கேள்வியும் வந்து உட்கார்ந்திருக்கிறது. உள்ளே எழுகிற ஓசை பூஜை, வெளியே எழுகிற ஓசை இரைச்சல் என்று பிரிப்பது எது?

இந்தக் கேள்வியை எழுப்ப ஜொகூர் பாருவை விடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம். தெப்ராவ் சாலைக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் நிற்கிறது. 1922-இல் சிறிய கொட்டகையாகத் தொடங்கிய கோயில். ஜொகூர் சுல்தான் கொடுத்த நிலம் என்பார்கள். பாங்காக்கில் கண்ட கண்ணாடி வேலைப்பாட்டால் ஈர்க்கப்பட்ட கோயில் குருவின் முயற்சியில் 2009-இல் அது இன்றைய உருவத்தைப் பெற்றது. சுவர், தூண், விதானம் எல்லாம் சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகளால் மினுக்குகின்றன. உள்ளே சிவலிங்கம் இருக்கும் சந்நிதியின் சுவர்களில் மட்டும் நேபாளத்து உருத்திராட்சங்களைப் பதித்திருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கண்ணாடி ஒலியை விழுங்காது. வந்ததை வந்தபடியே திருப்பி அனுப்பும். கண்ணாடி மண்டபத்தில் அடிக்கும் மணி சற்று நேரம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். உருத்திராட்சமோ மேடும் பள்ளமுமான பொருள். அது பதிந்த சுவரில் படும் ஓசை சிதறிப்போகும். இதை எண்ணிக் கட்டினார்களா என்பது வேறு விஷயம். ஆரவாரத்துக்கு ஒரு மண்டபம், அடக்கத்துக்கு ஒரு சந்நிதி என்று சுவரே பிரித்துவைத்திருக்கிறது.

சைவ மரபுக்குள்ளேயே இந்த இரண்டும் சண்டையில்லாமல் இருந்து வந்திருக்கின்றன. திருவையாற்றுப் பெருமானைப் பாடிய அப்பர், உலகத்து ஓசை அனைத்துமாக இருப்பவன் அவனே என்கிறார். எந்த ஓசை என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. அப்படிப் பார்த்தால் பாசிர் கூடாங் துறைமுகத்துக்குக் கொள்கலன் ஏற்றிப் போகும் லாரியின் உறுமலும் அவனே. அதே மரபில், அதே சிவன், கருவறையின் தெற்குச் சுவரில் கல்லால மரத்தடியில் தட்சிணாமூர்த்தியாக உட்கார்ந்து நான்கு முனிவர்களுக்கு ஒரு வார்த்தையும் பேசாமல் பாடம் நடத்துகிறான். தாயுமானவரின் குருவுக்கு மௌனகுரு என்றே பெயர்.

ஓசையும் தெய்வம், ஓசையின்மையும் தெய்வம் என்றால் சாலை இரைச்சலைப் பற்றிப் புகார் சொல்ல என்ன இருக்கிறது? மனத்தை அடக்கு, வெளியே எது நடந்தாலும் உனக்கென்ன என்று சொல்லும் உபதேசிகள் ஏராளம். ரமணரிடம் காட்டுக்குப் போய்த் தவம் செய்யட்டுமா என்று கேட்ட இல்லறத்தார் பலரை, இருக்கிற இடத்திலேயே இரு என்றுதான் அவர் திருப்பி அனுப்பினார். தனிமை மனத்தில் இருக்கிறது என்பது அவர் கருத்து.

அது உயர்ந்த போதனைதான். ஆனால் யாருக்குச் சொன்னது என்று பார்க்க வேண்டும். தேடி வந்து கேட்டவனுக்குச் சொன்னது. இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலில் கண்ணயர முடியாமல் புரளும் ஒருவரிடம், கைக்குழந்தையைத் தூங்கவைக்கத் திணறும் தாயிடம், அதையே எடுத்துச் சொல்வது போதனை ஆகாது. அது தன் வேலையைத் தட்டிக் கழிப்பது. சத்தத்தால் வருவது மனச் சலனம் மட்டுமல்ல. உறங்குகிறவரின் காது உறங்குவதில்லை. ஒவ்வொரு வாகனத்துக்கும் உடம்பு உள்ளுக்குள் விழித்து, நாடித்துடிப்பைக் கூட்டி, மறுபடி அடங்குகிறது. மேற்கு ஐரோப்பாவில் மட்டும் போக்குவரத்து இரைச்சலால் ஆண்டுதோறும் குறைந்தது 10 லட்சம் ஆரோக்கிய வாழ்நாள் ஆண்டுகள் வீணாவதாக உலக சுகாதார நிறுவனம் 2011-இல் கணக்கிட்டது. சாலைச் சத்தம் இரவில் 45 டெசிபெலுக்குள் இருப்பதே நல்லது என்று 2018-இல் பரிந்துரைத்தது. ஞானிக்கும் இதயம் ஒன்றுதான்.

மரபுமே வெறும் மன அடக்கத்தை நம்பி இருந்துவிடவில்லை. திருவரங்கத்தில் ஏழு திருச்சுற்றுகள். வெளிச்சுற்றுகளில் வீடுகள், கடைகள், வண்டிகள், வாய்ச்சண்டைகள். ஒவ்வொரு மதிலாகக் கடந்து உள்ளே போகப் போக ஊர்ச் சத்தம் படிப்படியாகக் கழன்று விழும். கருங்கல் கருவறைக்கு முன் நிற்கும்போது அர்ச்சகர் முணுமுணுப்பதும் கேட்கும். மதிலைப் படையெடுப்புக்குப் பயந்து கட்டினார்கள், தூய்மை கருதிக் கட்டினார்கள், காரணம் எதுவானாலும் விளைவு இதுதான்: உலகத்தின் மிகப் பெரிய ஒலித்தடுப்புகளில் சில தமிழ்நாட்டுக் கோயில் மதில்கள்.

மலாயாவுக்கு வந்த தமிழர்களுக்கு அந்த மதில் கிடைக்கவில்லை. கூலாய், லாயாங் லாயாங், ரெங்கம் என்று ஜொகூரின் ரப்பர் தோட்டங்களில் அவர்கள் கட்டியவை மரத்தடிக் கோயில்கள், தகரக் கூரைக் கோயில்கள். அப்போது அவற்றைச் சுற்றி இருந்தது தோட்டத்தின் நிசப்தம். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்க, கூப்பிடும் சத்தம் தவிர வேறில்லை. பிறகு தோட்டம் போய்த் தாமான் என்ற வீடமைப்புக் குடியிருப்பு வந்தது, செம்மண் பாதை போய் நெடுஞ்சாலை வந்தது. கோயில் நகரவில்லை, சாலைதான் கோயிலைத் தேடி வந்தது.

மதில் இல்லாத இடத்தில் தமிழர்கள் வேறொரு வழியைக் கையாண்டார்கள், இன்றும் கையாள்கிறார்கள். தாலி கட்டும் நேரத்தில் ஒருவர் விரலை உயர்த்தி ஆட்டுவார், கெட்டிமேளம் கொட்டும். எதற்கு? அந்தக் கணத்தில் யாராவது தும்மினாலும் அழுதாலும் மணமக்கள் காதில் விழக்கூடாது. அபசகுன ஓசையைத் தடுக்க முடியாது, ஆகவே அதைவிடப் பெரிய மங்கல ஓசையால் மூடிவிடுவது. ஒலியியலாளர்கள் இதற்கு ஒலிமறைப்பு என்று பெயர் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். தீபாராதனை நேரத்தில் மணியும் மேளமும் ஒன்றாக முழங்குவதும் இந்த வகைதான். அந்த இரண்டு நிமிடத்துக்கு வெளியே லாரி போனால் என்ன, ரயில் போனால் என்ன.

இந்த வழிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சாலை கூடக் கூட மேளமும் கூட வேண்டும். மேளம் போதாமல் ஒலிபெருக்கி வரும், ஒலிபெருக்கி கோயிலுக்குள் நிற்காமல் வாசலில் ஏறும். கோயிலுக்கு எதிரே இருக்கும் வீட்டுக்காரருக்கு இரண்டும் சேர்ந்து விழும்.

ஆகவே சுவர். நெடுஞ்சாலை ஓரத்தில் மூன்று, நான்கு மீட்டர் உயரத்துக்கு நிறுத்தும் கான்கிரீட் பலகை. பார்ப்பதற்கு அழகில்லாத பொருள், அதைப் பற்றித் தத்துவம் பேச யாருக்கும் தோன்றாது. ஆனால் அது வேலை செய்யும் விதம் கவனிக்கத் தக்கது. வெயிலில் மரம் நிழல் போடுவதுபோல் சுவர் ஓசைக்கு ஒரு நிழல் போடுகிறது. ஆனால் இந்த நிழலின் விளிம்பு கூர்மையாக இருக்காது. ஓசை சுவரின் உச்சியில் வளைந்து இந்தப் பக்கம் இறங்கும். டயர் தார்ச்சாலையில் உரசும் ‘ஸ்ஸ்’ என்ற உயர்சுருதி அவ்வளவாக வளையாது. அதன் அலைநீளம் சில அங்குலங்கள்தான். லாரி எஞ்சினின் அடித்தொண்டை உறுமலுக்கு அலைநீளம் மூன்று மீட்டருக்கும் மேல். அது சுவரைச் சர்வ சாதாரணமாக ஏறிக் குதித்துவிடும். சுவருக்குப் பின்னால் குடியிருப்பவர்கள், ‘கார் சத்தம் குறைந்தது, லாரி அதிர்வு போகவில்லை’ என்று சொல்வார்கள். காரணம் இதுதான்.

சாலையும் வீடும் ஒன்றையொன்று பார்க்க முடியாத அளவுக்குச் சுவர் உயர்ந்ததும் சுமார் 5 டெசிபெல் குறையும். அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒன்றரை டெசிபெல் போல. 10 குறைப்பது சாத்தியம், 15 மிகக் கடினம், 20 ஏறக்குறைய நடக்காது. சதுர மீட்டருக்கு 20 கிலோ எடையாவது இருக்க வேண்டும். மெல்லிய தகடு உதவாது. பருவமழைத் தண்ணீர் வடிய அடியில் விட்ட இடுக்கு, பழுது பார்க்கப் போக வைத்த கதவு, பலகைகளின் மூட்டில் விழுந்த விரிசல், இவை ஒவ்வொன்றின் வழியும் சத்தம் ஒழுகும். மரம் வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 10 டெசிபெல் குறைய 60 மீட்டர் அகலத்துக்கு அடர்ந்த காடு வேண்டும். ஜொகூர் பாருவில் அவ்வளவு இடம் இருந்தால் அங்கே இன்னொரு தாமான் எழும்பிவிடும்.

பத்து டெசிபெல் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். சாலையில் ஓடும் வாகனங்களில் பாதியை நிறுத்திவிட்டாலும் குறைவது 3 டெசிபெல்தான். 10 குறைய வேண்டுமானால் பத்தில் ஒன்பது வாகனங்கள் ஓடக்கூடாது. அப்போதுதான் காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்றும். அந்த வேலையைத்தான் அழகில்லாத சுவர் ஒன்று அசையாமல் நின்று செய்கிறது.

அப்படியானால் தர்மக் கணக்கு முடிந்துவிட்டதா? ஜொகூரில் முடிவதில்லை. இங்கே சத்தம் போடுகிறவரும் சத்தத்தில் அவதிப்படுகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள்.

மாசாயிலோ ஸ்கூடாயிலோ ஒரு வரிசை வீடு. விடியற்காலை நான்கு மணி. கதவு திறந்து, மழைச்சட்டையைக் கூடையில் திணித்து, மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறார் ஒருவர். எஞ்சின் உயிர் பெறும் சத்தம் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போகிறது. அடுத்த வீட்டில் ஒருவர் புரண்டு படுக்கிறார். பத்து நிமிடத்தில் அவரும் அதே மாதிரி கிளம்புவார். 1924-இல் திறந்த, 1,056 மீட்டர் நீளமுள்ள காஸ்வே பாலத்தை நெரிசலுக்கு முன் கடந்தால்தான் சிங்கப்பூரில் நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர முடியும். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. எந்த அமைதியும் அந்தக் கணக்கை வெல்வதில்லை. ஆயிரக்கணக்கான மோட்டார்கள் ஒன்றாகச் சேர்ந்து சோதனைச் சாவடியை நோக்கிப் போகும் ஓசையை ஜொகூர் பாருவில் ஒரு முறை கேட்டவர் மறக்கமாட்டார். மறுவாரம் இரவு ஷிப்ட் வரும். அப்போது அதே மனிதர் பகலில் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்திருப்பார், தெருவோ பேசிக்கொண்டே இருக்கும்.

தனக்கு எது துன்பம் என்று பட்டுத் தெரிந்தவன் அதையே மற்ற உயிர்களுக்கு எப்படிச் செய்கிறான் என்று இன்னா செய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர் வியக்கிறார். ஜொகூர்க்காரர் பதில் சொல்லலாம்: ‘வேறு வழியில்லாமல் செய்கிறேன் ஐயா.’ அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. ஜெர்மானியத் தத்துவவாதி ஷோப்பன்ஹவர் 1851-இல் இரைச்சலைப் பற்றி எழுதிய கட்டுரையில் வண்டிக்காரர்களின் சாட்டைச் சொடுக்கைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கினார். சுத்தியல் சத்தத்தையும் நாய் குரைப்பதையும் அவர் விரும்பவில்லைதான். ஆனால் சும்மா காற்றில் சொடுக்கும் சாட்டையைப்போல் அவரை எதுவும் எரிச்சலூட்டவில்லை. தேவையில்லாத சத்தம் என்பதே குற்றச்சாட்டு. இன்றைய சாட்டை, சைலன்சரைக் கழற்றி வேறு குழாய் மாட்டிய மோட்டார். மாட் ரெம்பிட் எனப்படும் மோட்டார் பந்தய இளைஞர்கள் அதைப் பெருமையாகவே நினைக்கிறார்கள். மலேசியாவில் வாகன ஒலிக்கான விதிமுறைகள் 1987-இலிருந்து இருக்கின்றன. சாலைப் போக்குவரத்துத் துறை சாலையோரம் நின்று பிடிக்கவும் செய்கிறது. பிழைப்புக்கான சத்தத்தையும் பெருமைக்கான சத்தத்தையும் சட்டத்தால் பிரிக்க முடியும், சுவரால் முடியாது. சுவருக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுதான். அந்த விஷயத்தில் அது அப்பரின் கட்சி.

சுவர் செய்யும் இன்னொரு காரியம் கொஞ்சம் கவலைக்குரியது. அது சத்தத்தைத் தடுப்பதோடு நிற்காமல் சத்தம் போடுகிறவரிடமிருந்து கேட்பவரை மறைத்துவிடுகிறது. சுவர் இல்லாத சாலையில் ஓட்டுநர் ஜன்னல் விளக்கையும் துணி காயும் கொடியையும் பார்ப்பார். சுவர் வந்தபின் பார்ப்பது பாசி படிந்த கான்கிரீட்டை மட்டும். அந்தப் பக்கம் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நினைவே போய்விடும். நடக்கும் தீங்கு குறைகிறது, தீங்கு செய்கிறோம் என்ற உணர்வு அதைவிட வேகமாகக் குறைகிறது. இருந்தாலும் சுவர் வேண்டாம் என்று சொல்வதற்கு இது காரணமாகாது. ஓட்டுநரின் மனச்சாட்சி மலரும்வரை குழந்தைகள் விழித்திருக்க வேண்டும் என்பது எந்த நியாயம்?

யாருக்குச் சுவர் என்ற கேள்விதான் இன்னும் கனமானது. வரிசை வீட்டுக்கு அது பயன் தரும். குறைந்த விலை அடுக்குமாடியின் நான்காம், ஐந்தாம் மாடிக்கு ஒன்றும் செய்யாது. அங்கிருந்து பார்த்தால் சுவருக்கு மேல் சாலை முழுக்கத் தெரியும், தெரிந்தால் கேட்கும். சாலையின் ஒரு பக்கம் மட்டும் வழுவழுப்பான கான்கிரீட்டை நிறுத்தினால் எதிர்ப்பக்கத்தாருக்குச் சத்தம் சற்று எதிரொலித்துப் போகும். ஒலியை உறிஞ்சும் பலகைகள் உண்டு, விலை அதிகம். ஜலசந்திக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர், உயரத்தில் ஓடும் ரயில் பாதைகளின் ஓரமாக 2014-இலிருந்து கிலோமீட்டர் கணக்கில் ஒலித்தடுப்பு வைத்துவருகிறது. இந்தியாவில் நாக்பூருக்கும் சிவனிக்கும் இடையே பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் ஓரம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல், விலங்குகள் அடியில் கடந்துபோகச் சாலையை உயர்த்தி, மேலே 4 மீட்டர் உயரத்துக்குச் சுவரும் எழுப்பியிருக்கிறார்கள். புலிக்கும் மானுக்கும் அமைதி உரிமை என்று ஒரு நாடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஐந்தாம் மாடிக்காரர் அதைப் படித்தால் என்ன நினைப்பாரோ.

கோயிலுக்குத் திரும்புவோம். இரைச்சல் என் வாசலிலிருந்தா, சாலையிலிருந்தா என்ற வழக்கு சென்னையில் நிஜமாகவே நடந்திருக்கிறது. மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் கே.கே.ஆர். நகரில் ஒரு கிறிஸ்தவ சபை. டிரம்ஸ், கிட்டார், ஒலிபெருக்கியோடு ஜெபம். குடியிருப்போர் சங்கம் உயர் நீதிமன்றம் போனது. அளந்து பார்த்ததில் சத்தத்துக்குச் சபை மட்டும் காரணமில்லை, வாகனங்களும்தான் என்று தெரிந்தது. நீதிபதி இரண்டு பக்கமும் உத்தரவு போட்டார்: சத்தம் போடும் வாகனங்கள் மீது காவல்துறை நடவடிக்கை எடுக்கட்டும், சபையும் ஒலிபெருக்கியைத் தணிக்கட்டும். சபை உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பிறர் அமைதியைக் குலைத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று சொல்லி 2000 ஆகஸ்ட் 30 அன்று அந்த மேல்முறையீடு தள்ளுபடியானது. வாகனங்கள் மீதான உத்தரவு என்ன ஆனது என்று மாதவரம் நெடுஞ்சாலையில் இன்று நின்று கேட்டால் காது பதில் சொல்லும். பக்தர்களை நீதிமன்றத்துக்கு இழுப்பது எளிது. அவர்களுக்கு முகவரி இருக்கிறது. போக்குவரத்துக்கு முகவரி கிடையாது.

ஜொகூரில் சாலையோரக் கோயில் ஒன்றின் நிர்வாகம் நெடுஞ்சாலைப் பக்கம் சுவர் வேண்டும் என்று விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் அளவீடு நடக்க வேண்டும். அதிகாரி முக்காலியில் ஒலிமானியை நிறுத்தி, தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒலிவாங்கியை வைப்பார். கருவிக்குப் பக்தி கிடையாது. சுப்ரபாதம் கேட்டாலும் லாரி கேட்டாலும் ஒரே கணக்கில் கூட்டிக்கொண்டே போகும். சாலையின் சத்தத்தைத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அளந்து முடியும்வரை கோயில் ஒலிபெருக்கியை அணைத்துவைக்கும்படி அவர் தலைவரைக் கேட்க வேண்டியிருக்கும். எந்த நாளில், எந்த வேளையில், எவ்வளவு நேரத்துக்கு என்பதை நிர்வாகக் குழு கூடி முடிவு செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு யாரும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.